சவூதியிலிருந்து அண்ணனின் உடலைக் கொண்டுவர வேண்டும்: முதல் காகிதம் எது, கையொப்பம் யாருடையது?

வெள்ளாற்றங்கரை | புதன், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் சவூதி அரேபியாவின் ஜுபைலில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகளாகப் பைப் ஃபிட்டராக வேலை பார்த்து வந்தார். நேற்று இரவு கேம்ப்பில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், இன்று காலை ஐந்து மணிப் பேருந்துக்கு எழுந்திருக்கவில்லை. வயது 46. அறையில் உடனிருந்த தஞ்சாவூர்க்காரர்தான் எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். நிறுவனத்திலிருந்து இந்த நேரம்வரை யாரும் பேசவில்லை. அண்ணியும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் அறந்தாங்கிக்கு அருகே எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்ற அளவோடு நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஊரில் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தால்தான் காரியம் நடக்கும் என்கிறார் ஒருவர். ஒன்றரை இலட்சம் கொடுத்தால் பத்து நாளில் பெட்டி திருச்சிக்கு வந்துவிடும் என்கிறார் ஓர் ஏஜெண்டு. நட்டஈடு எவ்வளவு என்று எழுதித் தராமல் உடலை வாங்கச் சம்மதிக்கவே கூடாது என்கிறார் பெரியப்பா மகன். நான் நாளைக் காலை முதலில் எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் யாராவது சொன்னால் போதும்.

கிழக்கு மாகாணக் கணக்கர் | புதன், இரவு 10.25

தம்பி, நான் தம்மாமில் இருக்கிறேன். ஜுபைல் இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான். இதுபோன்ற பதினேழு பெட்டிகளுக்கு இந்தப் பக்கத்து அலுவலகங்களில் நடந்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். இங்கே தாமதம் என்று ஊரில் பேசிக்கொள்ளும் நாள்களில் பாதி, உண்மையில் அங்கே தாலுகாவில் கழியும் நாள்கள். ஆகையால் நாளைக் காலை நீங்கள் போக வேண்டிய இடம் நோட்டரி அலுவலகம்.

அறையில் இறந்தவர் என்பதால், இயற்கை மரணமாகவே இருந்தாலும் காவல்துறை வந்து பார்த்து, மருத்துவர் அறிக்கை எழுதி, உடலை அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு அனுப்பியிருப்பார்கள். இவ்வளவும் உங்கள் உதவியில்லாமலே நடந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மேசையிலும் கேட்பது, உடலை என்ன செய்ய வேண்டும் என்று சட்டப்படியான வாரிசு எழுதிக் கொடுத்த கடிதத்தைத்தான். அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகே ரியாதில் உள்ள இந்தியத் தூதரகம் தடையின்மைச் சான்று வழங்கும். அந்தச் சான்று இருந்தால்தான் உடலைப் பதப்படுத்தவும், கடவுச்சீட்டை ரத்துசெய்யவும், ஜவாஸாத் எனப்படும் சவூதி கடவுச்சீட்டு அலுவலகத்தில் இறுதி வெளியேற்றம் பதியவும், விமானத்தில் சரக்கிடம் பிடிக்கவும் முடியும். அஹ்வால் எனப்படும் குடிமைப் பதிவு அலுவலகம் தரும் இறப்புச் சான்றும் இடையில் வந்து சேர வேண்டும்.

கடிதம் உங்கள் அண்ணியின் பெயரில், முத்திரைத்தாளில், நோட்டரி முன் கையொப்பமிட்டு இருக்க வேண்டும். தம்பியாகிய நீங்கள் எழுதிக் கொடுத்தால் செல்லாது. அண்ணனின் பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளின்படி, கடவுச்சீட்டு எண், இக்காமா எனப்படும் வசிப்பிட அனுமதி அட்டையின் எண், இறந்த நாளும் இடமும், உடலை ஊருக்கு அனுப்ப விரும்புகிறோமா அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதிக்கிறோமா என்பது, இங்கே அலுவலகங்களில் நடக்க யாருக்கு அதிகாரம் கொடுக்கிறீர்கள் என்பது, எந்த விமான நிலையத்தில் யார் பெற்றுக்கொள்வார் என்பது ஆகியவை தெளிவாக இருக்கட்டும். வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள். அதைத் தாசில்தார் தருவதற்கு இறப்புச் சான்று வேண்டும், அந்தச் சான்று இங்கிருந்துதான் வர வேண்டும். பலர் இந்தச் சுழலில் சிக்கி ஒரு வாரத்தைத் தொலைக்கிறார்கள்.

இன்னொன்று. இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. அங்கே சனியும் ஞாயிறும். இரண்டு பக்கமும் அலுவலகங்கள் ஒன்றாகத் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன்வரை நான்கே நாள்கள். நாளை வியாழன் மதியத்துக்குள் ஸ்கேன் செய்த கடிதம் வந்தால், இந்த வாரத்திலேயே ஒரு படி ஏறிவிடலாம். ஏஜெண்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

பொன்னமராவதி | புதன், இரவு 11.05

கணக்கர் ஐயாவின் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்தே மாறுபடுகிறேன். உடலைக் கொண்டுவரும் செலவு யாருடைய பொறுப்பு என்பதிலேயே ஐயம் இல்லை. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவு அதை முதலாளியின் தலையில்தான் வைக்கிறது. ஆனால் செலவை ஏற்பதோடு அவர்கள் கைகழுவி விடுகிறார்கள். பதினொரு ஆண்டுக்கான பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், கடைசி மாதச் சம்பளம் எதுவும் கைக்கு வராமல், பெட்டி வந்த மறுநாளிலிருந்து தொலைபேசியை எடுக்காத நிறுவனத்தை என் மாமா விஷயத்தில் பார்த்தேன். உடல் அவர்களிடம் இருக்கும்வரைதான் நமக்குப் பேரம் பேசும் வலு. நம் மாவட்டத்தில் ஒரு கூலித் தொழிலாளி வேலையிடத்தில் இறந்தாலும், உறவினர்கள் உடலை வாங்க மறுத்து உட்கார்ந்த பிறகுதானே பேச்சுவார்த்தையே தொடங்குகிறது?

கிழக்கு மாகாணக் கணக்கர் | வியாழன், காலை 6.10

பொன்னமராவதி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த முறை நம் ஊரில் பலிப்பதற்குக் காரணம், பிணவறை வாசலில் சாலை இருக்கிறது, சாலையில் மறியல் செய்ய முடிகிறது, செய்தியாளர் வருகிறார், வட்டாட்சியர் இறங்கி வருகிறார். இங்கே நீங்கள் மறுத்தால் யாருக்கும் எந்த நெருக்கடியும் இல்லை. கோப்பு ஒரு மேசையில் கிடக்கும், உடல் குளிர்ப்பெட்டியில் கிடக்கும், கஃபீல் எனப்படும் முதலாளி தன் வேலையைப் பார்ப்பார். நெடுநாள் யாரும் உரிமை கோராத உடல்களை இங்கேயே அடக்கம் செய்துவிடும் நடைமுறையும் உண்டு. நான்கு மாதம் பிடிவாதமாக இருந்த ஒரு குடும்பத்தைத் தெரியும். கடைசியில் கையொப்பமிட்டார்கள்; தொகை ஒரு ரியால்கூடக் கூடவில்லை.

சட்டத்தில் உடலும் பணமும் தனித்தனிக் கோப்புகள். உடல் ஊருக்குப் போன பிறகும் பாக்கித் தொகைக்கான கோரிக்கையைத் தூதரகத்தின் வழியாகத் தொடரலாம்; அதற்கு அண்ணி தனியாக அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பணிக்கொடைக் கணக்கு எளிது: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். பதினொரு ஆண்டுக்கு இரண்டரையும் ஆறும் சேர்த்து எட்டரை மாதச் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அடிப்படையில். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஓரிடத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். நிறுவனமே தட்டச்சு செய்து அனுப்பும் சம்மதக் கடிதத்தை வரி விடாமல் படிக்காமல் கையொப்பமிடக் கூடாது.

வெள்ளாற்றங்கரை | வியாழன், பிற்பகல் 3.30

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபோதுதான், காலையில் நிறுவனத்தின் அலுவலர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த கடிதத்தைத் திரும்பவும் திறந்தேன். ஒன்றரைப் பக்கக் கடிதம். நான்காவது பத்தியின் நடுவில், "இறந்தவருக்குச் சேர வேண்டிய அனைத்துத் தொகைகளும் பெற்றுக்கொள்ளப்பட்டன, இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அண்ணி அதில் கையொப்பமிடப் பேனாவை எடுத்துவிட்டார்கள்; முத்திரைத்தாள் வாங்கி அதில் அச்சிட வேண்டும் என்பதால்தான் தாமதமானது. அதைத் தள்ளிவிட்டு, நீங்கள் சொன்னபடி புதிதாக எழுதி, நோட்டரி முத்திரையோடு அனுப்பிவிட்டோம். வெளியுறவு அமைச்சகத்தின் "மதாத்" குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதிந்தேன். சேப்பாக்கத்தில் உள்ள அயலகத் தமிழர் நலன் ஆணையரகத்துக்கும் பேசினேன். விவரங்களைப் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

கீழைக்கரையான் | வியாழன், இரவு 8.15

இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். சகோதரரே, உங்கள் குடும்பத்துக்கு இறைவன் பொறுமையைத் தரட்டும்.

இந்த இழையில் ஒரு மாற்று அனுபவத்தையும் பதிவு செய்ய நினைக்கிறேன். என் சாச்சா (சித்தப்பா) 2018-இல் ரியாதில் இறந்தபோது நாங்கள் உடலைக் கொண்டுவரவில்லை. எங்கே மௌத்தாகிறேனோ அங்கேயே அடக்கிவிடுங்கள் என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் சாச்சியின் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது. அடக்கத்துக்கும் தூதரகச் சான்று வேண்டும். ஆறாம் நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸா தொழுகை நடந்து, நசீம் அடக்கத்தலத்தில் வைத்தார்கள். அந்த நேரத்தைக் கணக்கிட்டு எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா, அதாவது உடல் முன்னில்லாமல் தொழும் இறுதித் தொழுகை, தொழுதோம். ஷாஃபி மத்ஹபில் அதற்கு இடமுண்டு.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே கப்ரில் பெயர் பொறிப்பதில்லை. வரிசை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளாததால், அடுத்த ஆண்டு உம்ரா போன சாச்சாவின் மகன் எந்த மேட்டின் முன் நிற்பது என்று தெரியாமல் வாசலிலேயே துஆ செய்துவிட்டுத் திரும்பினான். அடக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் அந்த எண்ணை அன்றே கேட்டு வாங்குங்கள்.

தேனூர் மருதாணி | வியாழன், இரவு 10.50

சவூதியில் தகனத்துக்கு அனுமதி இல்லாததால் நம்மவர்களுக்கு அந்தத் தேர்வே இல்லை, தம்பி. துபாயில் ஜெபல் அலியில் தகனம் செய்து அஸ்தியைக் கையில் எடுத்து வரலாம் என்று 2016-இல் என் கணவர் இறந்தபோது எனக்குச் சொன்னார்கள். செலவும் குறைவு, நாளும் குறைவு. என் மாமியார் முகத்தைப் பார்க்காமல் முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கும் முடியாது என்றுதான் இருந்தது. நான் அப்போது துபாயில் இருந்ததால் எல்லாவற்றையும் நேரில் பார்த்தேன்.

துபாயின் சோனாப்பூரில் பதப்படுத்தும் நிலையத்தின் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி வெளியே வந்ததும் சரக்குக் கட்டணத்துக்காக அதைத் தராசில் ஏற்றினார்கள். திரையில் ஓடிய எண் நின்ற இடம் 118 கிலோ. அவர் உயிரோடு இருந்தபோது எடை 71, மிச்சம் பலகை. அந்தப் பலகையின் எடைக்கும் திர்ஹாம் எண்ணிக் கொடுத்தோம். சமூக ஆர்வலர்கள் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் பேசியதன் பயனாக, 2019 ஜனவரியில் ஏர் இந்தியா அமீரகத்திலிருந்து வரும் உடல்களுக்கு எடை பார்க்காமல் பெரியவர்களுக்கு 1,500 திர்ஹாம், பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதில் பாதி என்று ஒரே கட்டணம் ஆக்கியது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெட்டியைத் திறப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்கும் நேரம் வரும்போது உங்களுக்குத் தட்டச்சு செய்ய முடியாது, எனவே இப்போதே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பெட்டியை முற்றத்தில் இறக்கி வைத்த பிறகுதான் அது சுற்றிலும் திருகாணியால் முடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தோம். நூறு பேர் நின்றிருந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இல்லை. தச்சர் வீட்டுக்கு ஆள் ஓடி வாங்கி வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் என் மாமியார் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். ஸ்க்ரூ டிரைவரை இன்றே வாங்கி வையுங்கள். திறந்ததும் மருந்தின் நெடி கண்ணில் எரியும். குழந்தைகளைச் சற்று நேரம் தள்ளி நிறுத்துங்கள். முகம் கறுத்திருக்கும், உதடு காய்ந்திருக்கும். மகளிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவள் பயப்பட மாட்டாள். குளிப்பாட்ட முடியாது. எங்கள் பக்கத்தில் நீர்மாலை எடுத்து வந்த தண்ணீரைப் பெட்டியைச் சுற்றித் தெளித்து, வாய்க்கரிசியை உதட்டருகே வைத்ததோடு சரி.

வெள்ளாற்றங்கரை | அடுத்த செவ்வாய், இரவு 9.15

அக்கா, நீங்கள் எழுதியதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பட்டறையில் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

காரியம் ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. அண்ணனின் கடவுச்சீட்டு அவர் திருமணத்துக்கு முன் எடுத்தது. புதுப்பித்தபோதும் மனைவி பெயர்க் கட்டத்தை நிரப்பாமலே விட்டிருக்கிறார். திருமணமும் பதிவு செய்யப்படவில்லை. அண்ணியின் ஆதாரில் கணவர் பெயர் இருக்கிறது, ஆனால் அண்ணனின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. சட்டப்படியான மனைவி என்பதற்கு வேறு ஆவணம் கேட்டு, கூடுதலாகத் தாயாரின் சம்மதமும் வேண்டும் என்று தூதரகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கிராம நிர்வாக அலுவலர் இரண்டு கிராமங்களுக்குக் கூடுதல் பொறுப்பில் இருக்கிறார். இன்று மாலைதான் கிடைத்தார். குடும்ப அட்டையையும் மகளின் பிறப்புச் சான்றையும் பார்த்துக் கையொப்பமிட்டார்.

தாயாரின் சம்மதம் என்றால் அம்மாவை நோட்டரியிடம் அழைத்துப் போக வேண்டும். ஆறு நாளாக மருத்துவமனையில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளையைப் பற்றிய காகிதத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். வேறு வழியில்லாமல் நேற்று இரவு சொன்னோம். அம்மா அழுவதற்கு முன்னால் கேட்டது, "அப்ப ஆறு நாளா அவன் எங்கடா இருக்கான்?" என்றுதான். பிணவறை என்ற சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. இன்று காலை நோட்டரி முன் இடக்கைப் பெருவிரல் ரேகை வைத்தார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், கை நிற்கவில்லை.

பொன்னமராவதி | செவ்வாய், இரவு 9.50

படிக்கவே முடியவில்லை, நண்பரே. ஆனாலும் கேட்கிறேன். 2024-இல் குவைத்தின் மங்காஃப் கட்டடத் தீவிபத்து ஜூன் 12 அன்று நடந்தது. 14-ஆம் தேதி காலையிலேயே 45 உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்து இறங்கின. அதில் தமிழ்நாட்டவர் ஏழு பேர். அங்கிருந்து அவரவர் ஊருக்கே வண்டிகள் போயின. இரண்டு நாளில் முடியும் என்றால் ஒற்றை ஆளுக்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?

கிழக்கு மாகாணக் கணக்கர் | செவ்வாய், இரவு 10.30

அங்கே அமைச்சரே நேரில் போய் நின்றார், இரண்டு அரசுகளும் ஒரே நாளில் எல்லா மேசைகளையும் ஒன்றாக இழுத்துப் போட்டன. சட்டம் வேறல்ல, காகிதமும் வேறல்ல. ஒவ்வொரு காகிதமும் அடுத்த மேசைக்குப் போக ஒருவர் நடக்க வேண்டும். அங்கே நூறு பேர் நடந்தார்கள், இங்கே அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் நிறுவனத்தின் ஒரு மந்தூப் வாரத்தில் இரண்டு நாள் நடக்கிறார். அவரோடு நானும் நாளை விடுப்பெடுத்துப் போகிறேன், தம்பி. உடலை நேற்று அடையாளம் காட்ட அழைத்தார்கள், நானும் உங்கள் அண்ணனின் அறைத்தோழரும் போனோம். முகம் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேட்கப்படாத ஒன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டில் வந்தவர்களுக்குப் "பிரவாசி பாரதிய பீமா யோஜனா" காப்பீடு கட்டாயம். தொகை பத்து இலட்சம் ரூபாய். ஆனால் அது விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியது. தூக்கத்தில் வந்த மாரடைப்புக்குக் கிடைக்காது. பத்து இலட்சம் வாங்கித் தருகிறேன் என்று எவராவது வீட்டுக்கு வந்தால் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். நிறுவனம் செலவை ஏற்க மறுத்து, குடும்பத்துக்கும் வசதியில்லாத நிலையில், தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உடலை அனுப்ப வழியுண்டு. உங்கள் நிறுவனம் செலவை ஏற்றுக்கொண்டுவிட்டதால் அது தேவைப்படாது.

மீனம்பாக்கம் சரக்ககம் | புதன், காலை 7.20

சரக்கு முகமையில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இறங்கும் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். முதலில், பயணிகள் வெளியேறும் வாசலில் நிற்காதீர்கள். மாலையோடு இருபது பேர் அங்கே நின்று, விமானம் இறங்கி மூன்று மணி நேரம் கழித்து யாரோ சொல்லிச் சரக்கு வளாகத்துக்கு ஓடி வருவதை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். உடல், பயணச்சீட்டில் வருவதில்லை. சரக்குச் சீட்டில் வருகிறது. அதில் பொருளின் தன்மை என்ற கட்டத்தில் மனித உடல் என்றும், ஹெச்.யூ.எம். என்ற குறியீடும் இருக்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் உண்டு, ஆகவே முன்னதாகவே சொல்கிறேன்.

விமான நிலையச் சுகாதார அலுவலரின் அனுமதி வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் அது "இ-கேர்" என்ற இணையதளத்தின் வழியாக நடக்கிறது. இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, பெட்டியை மூடி முத்திரையிட்ட சான்று, தூதரகத் தடையின்மைச் சான்று, ரத்து செய்யப்பட்ட கடவுச்சீட்டின் படி ஆகியவற்றை விமானம் அங்கே கிளம்புவதற்கு முன்பே பதிவேற்றச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றில் பெயர் எழுத்துப் பிழை இருந்தாலும் இரவு இரண்டு மணிக்கு அதைத் திருத்த உங்களால் முடியாது. பெறுபவர் தன் அடையாள அட்டையின் மூலத்தைக் கொண்டுவர வேண்டும். பெட்டியை வண்டியில் ஏற்றுமுன் அதன் மேல் ஒட்டியிருக்கும் பெயர், கடவுச்சீட்டு எண், சரக்குச் சீட்டு எண் மூன்றையும் கையிலுள்ள தாளோடு ஒப்பிடுங்கள். ஒரே விமானத்தில் மூன்று பெட்டிகள் வந்த இரவுகள் உண்டு; பெட்டி மாறி இருநூறு கிலோமீட்டர் போய்த் திரும்பியதையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊருக்குத் திருச்சிதான் நல்லது. கொழும்பு வழியாகத் திருச்சிக்கு வர இடம் கிடைக்கிறதா என்று அங்கேயே கேட்கச் சொல்லுங்கள். சென்னையில் இறக்கினால் சாலையிலேயே எட்டு மணி நேரம் கழிந்துவிடும். எங்கே இறங்கினாலும் வீடுவரை அமரர் ஊர்தி வேண்டுமென்று ஆணையரகத்திடம் விமான எண்ணோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெள்ளாற்றங்கரை | பன்னிரண்டு நாள்களுக்குப் பின், இரவு 11.30

அண்ணன் வந்து சேர்ந்தார். இறந்த நாளிலிருந்து கணக்கிட்டால் இருபதாம் நாள். திருச்சிக்கு இடம் கிடைக்காமல் சென்னைக்குத்தான் வந்தது. சரக்கு வளாக வாசலில் நானும் மாமாவும் மட்டும் நின்றோம். ஆணையரகம் ஏற்பாடு செய்த வண்டி எங்களுக்கு முன்பே அங்கே இருந்தது. ஓட்டுநர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் அண்ணனின் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரும் சேர்ந்து ஒரே சொல்லாக இருந்தது. எண்களை மூன்று முறை ஒப்பிட்டேன்.

காலை பதினொன்றரைக்கு ஊர் வந்தோம். அண்ணி அலமாரியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தார்கள். அண்ணன் மகள் தள்ளி நிற்கவில்லை. அப்பாவின் முகம் கறுத்திருக்கும் என்று தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே நின்றாள். மருதாணி அக்கா, உங்களுக்கு நான் என்ன சொல்வது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "மீசையை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்கள். எடுத்திருக்கவில்லை, அவரே போன மாதம் எடுத்திருக்கிறார், அறைத்தோழரிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

கணக்கர் ஐயாவை நான் இதுவரை பார்த்ததில்லை. மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பில் அவர் நடந்தார் என்பதை அறைத்தோழர் சொல்லித்தான் அறிந்தேன்.

கிழக்கு மாகாணக் கணக்கர் | மறுநாள், காலை 5.50

அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அண்ணன் நல்லபடியாக ஊர் சேர்ந்ததே போதும்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. ஊராட்சியிலோ நகராட்சியிலோ இறப்புச் சான்று கேட்டு அலையாதீர்கள். தகனம் அங்கே நடந்தாலும் இறப்பு நடந்தது இங்கே என்பதால் அவர்களால் பதிய முடியாது. இங்கே கொடுத்த அரபுச் சான்றும், அதன் அடிப்படையில் தூதரகம் தன் பதிவேட்டில் பதிந்து தரும் சான்றும்தான் வங்கிக்கும் தாசில்தாருக்கும் செல்லும். மூலத்தை எவரிடமும் விட்டுவராமல் படி எடுத்துக் கொடுங்கள். அந்தச் சான்றோடு வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்து, அது கிடைத்ததும் பாக்கித் தொகைக்கான அதிகாரப் பத்திரத்தைத் தூதரகத்துக்கு அனுப்புங்கள்.

வெள்ளாற்றங்கரை | ஏழு வாரங்களுக்குப் பின், மாலை 6.05

வாரிசுச் சான்று நேற்றுக் கிடைத்தது. இறப்புச் சான்றில் உள்ள பெயரும் குடும்ப அட்டையில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று தனியாகச் சான்று வாங்க வேண்டியிருந்ததால் இவ்வளவு நாள். அதிகாரப் பத்திரம் இன்று அஞ்சலில் போகிறது. நிறுவனம் ஐந்து மாதச் சம்பளம்தான் பணிக்கொடை என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது; எட்டரை மாதக் கணக்கை நீங்கள் எழுதியபடியே தட்டச்சு செய்து பதில் அனுப்பியிருக்கிறேன். பொன்னமராவதி நண்பர் அந்தக் கடிதத்தை ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுத்தார்.

அண்ணனின் சாமான்கள் இன்னும் வரவில்லை. ஊருக்குத் திரும்பும் ஒருவர் கையில் கொடுத்தனுப்புவதாக அறைத்தோழர் சொல்லியிருக்கிறார். வந்தால் கைப்பேசியைத் திறக்க வேண்டும். கடவுச்சொல் என்னவாக இருக்கும் என்று மகள் ஒரு தாளில் பன்னிரண்டு எண்களை எழுதி வைத்திருக்கிறாள்.